வெயிலுக்கு முன்

பகாவில் காலை ஆறு மணிக்கும் இருட்டுதான்.
மூடிய நகைக்கடை வாசலில்
இருபத்தொரு சைக்கிள், இருபத்தொரு தலைக்கவசம்,
யாருடையது என்று தெரியாத ஒரு கொட்டாவி.
எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர்
'வெயிலுக்கு முன்'.
நான் பொருளாளர்.
மற்ற நாளில் மில்லின் எடைமேடையில்
செம்பனைக் குலை லோரிகளைக் கழித்துப் பார்ப்பவன்:
நிறைந்த எடை, வெறும் எடை, மிச்சம்.

ஜெர்சி அடிக்கலாம் என்று தொடங்கியது பிரேமாவதி.
குறைந்தது இருபத்தைந்து என்றார்
அச்சகத்து ஆ சியோங்.
நான்கு உடம்பு குறைந்தது எங்களுக்கு.
நிறத்துக்கு மூன்று வாரம் சண்டை.
பச்சை என்றால் செம்பனைக்குள் காணாமல் போவோம்.
கறுப்பு லோரிக்குத் தெரியாது.
மஞ்சள் போட்டால் காவடி எங்கே என்பார்கள்.
கடைசியில் ஆரஞ்சு,
யாருக்கும் பிடிக்காததால் எல்லோரும் ஒத்துக்கொண்டது.
ஆளில்லாத நான்கையும் பங்கு போட்டதில்
தலைக்கு எழுபத்தேழு வெள்ளி சொச்சம்.
அளவுப் பட்டியலில் அத்தனை பேரும்
தங்கள் வயிற்றைப் பற்றிப் பொய் சொன்னார்கள்.

பெட்டி வந்தது.
முதுகில் எங்கள் பெயர்.
முதலில் வ,
அதற்குப் பின்னால் கொம்பு.
கொம்போடு ஒட்டிக்கொண்டு
புள்ளி புள்ளியாய் ஒரு வெற்று வட்டம்.
ஆ சியோங்கின் கணினிக்குத் தமிழ் வராது.
மாதிரியைப் பார்த்து 'ஓகே' போட்டவன் நான்.
முன்னால் நிற்க வேண்டியது பின்தங்கிவிட்டது,
'முன்' மட்டும் பிழையில்லாமல்.
தமிழ்ப்பள்ளி ஆசிரியை திலகமணி
ஒரு நிமிடம் பேசவே இல்லை.
ஹுய் லிங்தான் கேட்டாள்:
"அந்த வட்டம் சக்கரம்தானே? அழகா இருக்கு."

திருப்பி அடித்தால் இன்னும் ஒரு மாதம்.
அப்படியே வைத்துக்கொண்டால் பாதிப் பணம்,
எண்ணூற்றுப் பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு.
பசியாறுகையில் ரொட்டி சானாய் தட்டுகளுக்கு நடுவே
அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
ஜீவரேகா பையிலிருந்து
ஒரு சோப்புப் பெட்டியை எடுத்து வைத்தாள்.
உள்ளே வயர், வில்லை, சின்னப் பலகை.
செனாவாங் தொழிற்சாலையில்
அடுத்தவர் பலகைக்கு ஆறு வருடம் ஈயம் பற்றவைத்தவள்,
இப்போது டயர்க்கடை மாடியில் தனியாக.
"இருக்கைக்குக் கீழே மாட்டணும்.
பின்னால லோரி வந்தா இது பார்த்துடும், வேகமா மின்னும்.
ஐம்பது பலகைக்கு ஆயிரத்து இருநூறு வேணும்."

தினகரன் பருப்புக் கறியை வழித்து முடித்து
"என் முப்பத்தெட்டு சொச்சத்தை அதுல போடு" என்றார்.
மேசை நெடுக முப்பத்தெட்டு சொச்சம், முப்பத்தெட்டு சொச்சம்.
சதாசிவம் மட்டும் கையை நீட்டினார்,
மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கணும் என்று.
எண்ணிக் கொடுத்தேன்.
மீதிக்குப் பிரேமாவதி கூட்டுப் பணம் எடுத்தாள்.

புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுத?
நன்கொடை என்றேன், அடித்தாள்.
கடன் என்றேன், அதையும் அடித்தாள்.
பங்கு என்று தன் கையால் எழுதினாள்.
கொம்பில்லாத சொல்,
எங்கே அச்சிட்டாலும் உடையாது.

ஆளில்லாத நான்கில் பெரியதை
லோரி ஓட்டும் கன்னியப்பனுக்குக் கொடுத்தோம்.
கோலப்பிலா சாலை, இருட்டு.
வரிசையில் கடைசி ஆள் நான்.
எனக்கு முன்னால் ஒரு ஆரஞ்சு முதுகு,
அதில் அந்தக் கொம்பு, அந்த வட்டம்.
எனக்குப் பின்னால் வெறும் லோரி,
அதன் எடை எனக்கு மனப்பாடம்.
என் பின்னால் எரிவதை நான் பார்க்க முடியாது.
கியர் இறங்கும் சத்தம் கேட்டது.
அகலமாய் விலகி,
செம்பனைத் தூசியோடு கடந்து போய்
தூரத்தில் நிறுத்தி இறங்கினார்.

"கண்ணு கூசுது லா" என்றார்.
ஜீவரேகா அதைக் குறித்துக்கொண்டாள்.